காலி வீதியில் ஒரு பாட்டு

இரும்புக் கம்பி காரின் முன்கண்ணாடியில் இறங்கியது.

துகள்கள் அவள் மடியில் கொட்டின. கொண்டைக்குள், கழுத்துக்குள், வாய்க்குள்ளும்.

துப்பினாள். இரத்தமும் வந்தது.

1983 ஜூலை. திங்கட்கிழமை காலை பத்தரை மணி. கொழும்பு, காலி வீதி. பாட்டுப் பதிவுக்கென்று புறப்பட்ட கார் பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பஸ் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் திருப்ப இடமில்லை.

சாரதி பியசேன சிங்களவர். கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, காரில் இருப்பவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கம்பியும் வாளுமாகச் சூழ்ந்த சிங்களக் கும்பலில் ஒருவனும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. ஒரு கை அவள் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தது. தாரில் உரசி முழங்காலின் தோல் கழன்றது.

"வாளிக்கு என்ன சொல்லுவாய்? சொல்லு!"

வாளிக்கான சிங்களச் சொல்லின் முதல் எழுத்து தமிழ் நாக்கில் சரியாக உட்காராது. அன்று அதைச் சொல்ல வைத்துத்தான் ஆள் பிரித்தார்கள்.

அவள் வாய் திறக்குமுன் இன்னொருவன் அவள் தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான்.

"அடே, இது திலகா! ரேடியோ திலகா!"

கம்பிகள் தாழ்ந்தன.

முழுப்பெயர் திலகேஸ்வரி. கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெண். வானொலிக்காரர்கள் பாதியை வெட்டிவிட்டு மீதியை ஒலிபரப்பினார்கள். பன்னிரண்டு வருடமாகச் சிங்களப் பாட்டு. தேநீர்க்கடையில் அவள் குரல். கல்யாண வீட்டில் அவள் குரல். அவளைப் போலக் கொண்டை போட்டுக்கொண்டு பெண்கள் கந்தோருக்கு வேலைக்குப் போனார்கள்.

நீ யார் என்று எவரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"திலகா என்றால் பாடு. அந்த மழைப் பாட்டு."

பாடினாள்.

முதல் வரி உடைந்தது. இரண்டாவது வரியில் குரல் பிடி கொடுத்தது. பல்லவி முடிவதற்குள் ஒருவன் காரின் மேல் தட்டித் தாளம் போடத் தொடங்கினான். வாள் வைத்திருந்தவன் கூடவே பாடினான். அவனுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

அதன் பிறகுதான் பின் ஆசனத்தைப் பார்த்தார்கள்.

அக்கோடியன் வாத்தியத்தை மடியில் அணைத்தபடி அருளானந்தம் மாஸ்டர் இருந்தார். மழைப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர். அவள் பாடிப் பெயர் வாங்கியதில் பாதிக்கு மேல் அவருடைய மெட்டுகள். இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இருக்காது. தமிழ்ப் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார்.

"வாளிக்கு என்ன?"

மாஸ்டர் சொன்னார்.

முதல் எழுத்து தவறியது.

அவரை இழுத்து ரோட்டில் போட்டார்கள். கம்பி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. பக்கத்தில் விழுந்த அக்கோடியன் தானாக விரிந்து ஒருமுறை ஓலமிட்டது. ஒருவன் அதன் மேல் ஏறி நின்று மிதித்தான்.

அவள் பாட்டு நின்றுபோயிற்று.

வாள்காரன் திரும்பினான்.

"ஏன் நிறுத்தினாய்? இவன் உனக்கு யார்?"

எல்லா முகங்களும் அவள் பக்கம். கம்பிகள் மறுபடி உயர்ந்தன.

தரையிலிருந்து மாஸ்டர் பேசினார். தட்டுத் தடுமாறிய சிங்களத்தில்.

"அவவுக்கு என்னைத் தெரியாது. வாசிக்கக் கூப்பிட்டார்கள், வந்தேன். நோனா, நீங்கள் பாடுங்கள்."

நோனா. பெரிய வீட்டுச் சீமாட்டிகளை அப்படித்தான் அழைப்பார்கள். பன்னிரண்டு வருடமாக அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர்.

அவள் பாடினாள்.

முதல் சரணத்தில் அவருடைய மற்றக் கையையும் முறித்தார்கள்.

இரண்டாவதில் பெற்றோல் வாசம் வந்தது.

மூன்றாவதில் சூடு அவள் கன்னத்தைத் தொட்டது. சேலைத் தலைப்பு சுருண்டு கருகியது. கத்தல் ஒன்று எழுந்தது. அதற்கு மேலே ஏற அவளுக்குக் குரல் இருந்தது. ஏறினாள்.

சுருதி விலகவில்லை.

பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். ஒருவன் அவளுடைய செருப்பைத் தேடி எடுத்துவந்து காலடியில் வைத்தான்.

கும்பல் விலகிவிட்ட இடைவெளியில் பியசேன, கண்ணாடியில்லாத காரைக் கடற்கரைப் பக்கம் திருப்பி ஓட்டினார். அழுதுகொண்டே ஓட்டினார்.

பதினொரு நாட்களுக்குப் பிறகு, அகதிகளை வைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மாஸ்டரின் மனைவி யோகமலரை அவள் கண்டுபிடித்தாள். வகுப்பறை மூலையில், சாக்கு விரிப்பில் இருந்தார்.

திலகேஸ்வரி ஒன்றையும் மறைக்கவில்லை.

யோகமலர் அழவில்லை. அழுது முடிந்திருந்தது.

"கடைசியா என்ன சொன்னவர்?"

"பாடச் சொன்னவர், அக்கா."

"நீ பாடினனியே?"

"ஓம்."

வெளியே தண்ணீர் வரிசையில் யாரோ சண்டை பிடித்தார்கள். அது ஓய்ந்ததும் யோகமலர் கேட்டார்.

"எத்தினை சரணம்?"

அவளால் நிமிர முடியவில்லை.

"மூண்டும்."

யோகமலர் கண்ணை மூடினார். அவருடைய விரல் சீமெந்துத் தரையில் மெல்லத் தட்டத் தொடங்கியது. மழைப் பாட்டின் பல்லவியிலிருந்து மூன்றாம் சரணம்வரை. அவசரமில்லாமல், ஒரு தட்டும் விடாமல்.

அது முடியும்வரை திலகேஸ்வரி அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.