நாலு மணி டி.வி.

"அங்கிள்! டி.வி. சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க!"

சுவரில் நாலு தட்டு தட்டிவிட்டுக் கத்தினாள் வாணி.

"இன்னா?" என்றது அந்தப் பக்கம் ஏசுபாதத்தின் குரல். "ஒண்ணும் கேக்கலம்மா!"

எப்படிக் கேட்கும்? இருபது வருஷம் தங்கச் சுரங்கத்தில் டிரில் மிஷின் பிடித்தவரின் காது. ஆனால் வாணிக்கு இருந்த எரிச்சலுக்கு அதெல்லாம் ஒரு சமாதானமா? வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கிற டி.வி., சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், ஊரைக் கூட்டும்.

சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய மாரிகுப்பத்து லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் ஏறாது. மேலே ஒரு முழத்துக்குத் திறப்பு. இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அந்த வழியாகத்தான் டி.வி.யும் வந்து இறங்கும்.

அந்த நாலு மணிதான் வாணிக்கு வாரத்திலேயே முக்கியமான நேரம். வேலூரிலிருந்து மனநல கவுன்சிலர் ஈவ்லின் மேடம் செல்போனில் வருவார்.

வாணியின் புருஷன் நாகேஷ் விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடித்தால் ராத்திரிதான் திரும்புவான். மகன் உதயைப் படிக்க வைப்பது, ஸ்கூலில் பேச்சு வாங்குவது எல்லாம் இவள் தலையில். போன பரீட்சையில் பையன் கணக்கில் ஒன்பது மார்க் வாங்கி வந்த அன்று, கரண்டியால் அடித்தாள். நிறுத்தத் தெரியாமல் அடித்தாள். அதற்கப்புறம், தலை வாரிவிடக் கையைத் தூக்கினால்கூட உதய் முகத்தை மறைத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

அதைப் பார்த்துதான் வாணி ஆடிப்போனாள். ஸ்கூல் மிஸ்ஸிடம் அழுதபோது அவர் கொடுத்ததுதான் ஈவ்லின் மேடம் நம்பர். ஏழு வாரமாகிறது. உதய் மேல் ஒரு அடி விழவில்லை. நேற்று அவனே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தான். ஈவ்லின் மேடம் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டாததுதான் பாக்கி.

லைனில் 'ஆன்லைனில் டைலரிங் கிளாஸ்' என்று சொல்லி வைத்திருந்தாள். மனசுக்கு வைத்தியம் என்று தெரிந்தால் அவ்வளவுதான். 'வாணிக்குப் பைத்தியமாம்' என்று மாரிகுப்பத்தில் ரயிலேறுகிற செய்தி, பங்காருபேட்டையில் இறங்குவதற்குள் அவளை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கும்.

"மேடம், இப்ப எனக்குப் பெரிய டென்ஷனே இந்த டி.வி.தான்!" என்றாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு. "இப்படியே போனா நான் பேசறதையே விட்டுடுவேன் போல."

"விட்டுடாதீங்க வாணி. நேர்ல போய்ச் சொல்லுங்க. 'நீங்க ஏன் இப்படிப் பண்றீங்க'ன்னு ஆரம்பிச்சா சண்டைதான் வரும். 'எனக்குக் கஷ்டமா இருக்கு'ன்னு ஆரம்பிங்க. இப்பவே போங்க, நான் லைன்ல இருக்கேன்."

'எனக்குக் கஷ்டமா கீது அங்கிள், எனக்குக் கஷ்டமா கீது அங்கிள்' என்று முணுமுணுத்துக்கொண்டே, போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வாணி போனாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கன்னட சீரியலில் ஒரு மாமியார் அலறிக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு நாற்காலி. இரண்டும் காலி!

ஆளில்லாத வீட்டில் இத்தனை சத்தமா? மேடம் சொல்லிக் கொடுத்தது பறந்துபோய், 'உங்களுக்கு அறிவு கீதா?' என்பது நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

வீட்டுக்குப் பக்கவாட்டில், குழாயடியில் பேச்சுக் குரல். விறுவிறுவென்று போனவள், சுவர் மூலையில் நின்றாள்.

ஏசுபாதமும் அவர் மனைவி லூயிசாவும் வெயிலில் கல் மேல் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். லைனில் கடைசி வீட்டு ஷோபா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, யாருமே இல்லாத ஊட்டுல எதுக்கு டி.வி. இந்தக் கத்து கத்துது?"

"இவருக்குத்தான் காது மந்தமாச்சே, போட்டுட்டு மறந்துட்டாரு. காய் முடிச்சுட்டுப் போய் நிறுத்தறேன், நீ போம்மா."

ஷோபா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் தலை மறைந்ததும், லூயிசா புருஷன் காதருகே குனிந்து உரக்கக் கேட்டாள்.

"பேசி முடிச்சிருக்குமா வாணி?"

"இன்னும் கால் மணி கீது." ஏசுபாதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மொத வாரம், 'எம் புள்ள என்னப் பாத்து பயப்படறான்'னு அந்தப் பொண்ணு அழுதது எனக்கே கேட்டுச்சு. எனக்கே கேட்டா லைனுக்குக் கேக்காதா? டி.வி. ஓடட்டும். நம்ம காதுலயும் உழ வேணாம்."

வாணி சத்தம் போடாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். ஓடிப்போய் இரண்டு பேர் காலிலும் விழ வேண்டும் போலிருந்தது. ஆனால் விழுந்தால், தெரியாததுபோல் அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பதை அவளே போட்டு உடைத்ததாகிவிடும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"என்ன வாணி, சத்தம் குறையவே இல்லையே. சொன்னீங்களா?"

"இல்ல மேடம். ஓடட்டும் விடுங்க. அது எனக்காகத்தான் ஓடுது."