கோட்டம் இல்லாத சக்கரம்

மலிவாகக் கிடைத்ததென்று சவரிராயன் சைக்கிளுக்குப் போட்ட புதுப் பின்சக்கரம், மீன் பெட்டியை ஏற்றியதும் மறுபடியும் நெளிந்தது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. சக்கரம் விற்ற கடைக்குத் திட்டிக்கொண்டே தள்ளிவந்து பெட்டியை இறக்கினான். கடைக்காரன் பஷீர் சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினான். அம்சமாகச் சுற்றியது.

“பாருண்ணே, எங்க இருக்கு கோட்டம்?”

“அந்தரத்துல யாருடா மீன் விக்கிறது? பெட்டிய ஏத்திப் பாரு.”

“இந்த வெலைக்கு இது ஆளு போற வீலுண்ணே. சுமை தாங்காது.”

“அப்ப நான் ஆளு இல்லியாடா?”

பஷீர் கம்பிகளை முறுக்கினான். பெட்டியிலிருந்து சிவப்பாக வடிந்த நீர் வாசலைத் தாண்டியது.

“போதும். தூக்கி வுடு.”

பெட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டு, கழுத்தில் மீன்தண்ணீர் ஒழுக, ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்தான். பக்கத்தில் அந்தச் சக்கரம் கொஞ்சமும் கோணாமல் வந்தது.