சம்மதம்

புற்றுநோய் வந்த குரல்வளையை எடுப்பதற்கு முந்தைய வாரம், நெல்லையப்பன் தன் குரலை ஒரு செயலியில் பேசிப் பதிந்துவைத்தார். அதன்பின் அவர் விரலால் தட்டியதையெல்லாம் கழுத்தில் தொங்கிய கைபேசி அவர் குரலிலேயே பேசியது. ‘ஏட்டி செண்பகம்’ என்று அது கூப்பிட்டால், மனைவி அடுக்களையிலிருந்து “என்னவாம்?” என்பாள். அந்தக் குரலை வேறொரு செயலியிலும் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று மகள் ஒருமுறை கேட்டாள். “குரல் அப்பாவோடதுதான் மேடம். ஆனா எங்க செயலியிலதான் திறக்கும்” என்றார் செயலி நிறுவனத்து ஆள்.

இன்று காலை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு அசையவில்லை, வலது கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டது. இடது கட்டைவிரலால் கைபேசியைத் தொட்டார். செயலி புதிதாகிவிட்டது, பழைய குரல்கள் இனி இயங்காது என்றது திரை. கீழே ஒரே ஒரு பொத்தான்: சம்மதம். அதை அழுத்தாமல் அந்தத் திரை நகராது. அழுத்தினார்.

‘ஏட்டி செண்பகம், விழுந்துட்டேன்’ என்று தட்டினார். கைபேசியிலிருந்து யாரோ ஓர் இளம்பெண் சிரித்த குரலில் அதைப் படித்தாள்.

அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது; அந்த இரைச்சலில் பெண்குரல் என்பது மட்டும்தான் கேட்டிருக்கும், சொல் கேட்டிருக்காது. “லோன் வேணுமான்னு கேக்கிற பிள்ளதானே? காலங்காத்தால ஆரம்பிச்சிட்டாளுவ. கட் பண்ணுங்க!” என்று செண்பகம் கத்தினாள்.

மறுபடி அழுத்தினார். அந்தப் பெண் சிரிப்பு மாறாமல் மறுபடி சொன்னாள்.

“சொன்னா கேக்க மாட்டிய” என்ற அதட்டல் கேட்டது. பிறகு, அடுக்களைக் கதவைச் சாத்தும் சத்தம்.