சட்டைப்பையில் பத்திரமாக

என் காருக்கு அடியிலிருந்து என் வீட்டுக்காரர் கன்னங்கரேலென்ற கைகளோடு ஊர்ந்து வெளியே வருகிறார், முகத்தில் புதையல் எடுத்தவரின் பெருமிதம். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஆயில் மாற்றுகிறாராம். பழைய ஆயில் வடிந்த தட்டை ஓரமாக நகர்த்துகிறார். ஆயில் வடியும் துளையை அடைக்கும் போல்ட், தொலைந்துவிடக் கூடாதென்று அவர் போட்டுவைத்த சட்டைப்பையிலேயே புடைத்துக்கொண்டிருக்கிறது. மேலிருந்து புது ஆயிலை ஊற்றுகிறார்; மாலை வெயிலில் அது தேனாய் இறங்குகிறது. அளவு பார்க்கும் கம்பியை உருவுகிறார், துடைக்கிறார், மறுபடியும் செருகி உருவுகிறார், நுனிகூட நனையவில்லை. “எப்படிக் குடிக்குது பாத்தியா? அந்த மெக்கானிக் இத்தன நாளா அரவயித்துக்குத்தான் ஊத்தியிருக்கான்.” வண்டிக்கு அடியில் தேன் சத்தமில்லாமல் பரவி, அவர் கழற்றிப் போட்ட செருப்பை நனைக்கிறது. “ஏங்க, கீழ கொஞ்சம் பாருங்களேன்” என்கிறேன். “உனக்கு இதெல்லாம் புரியாது, பேசாம இரு.” கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது டப்பாவும் காலியாகிறது. பானட்டை அறைந்து மூடிவிட்டு, எண்ணெய்க் கையை என்னிடம் நீட்டுகிறார். “சாவியக் குடு, ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாம்.” சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொள்கிறேன். “மொதல்ல உங்க சட்டைப்பையத் தொட்டுப் பாருங்க.” நெஞ்சுவலி வந்தவரைப் போல அவர் கை மெல்ல மேலே போகிறது.