அரை கிளாஸ் இருதயராஜ்

"பதினெட்டு வெள்ளியா? அதுக்கு மேல வரி, சர்வீஸ் சார்ஜ்னு பிளஸ் பிளஸ் வேறயா? இது பியரா, இல்ல பெட்ரோலா?"

விலைப் பலகையைப் பார்த்துக் கதிரேசன் கத்தினான். போன வாரம் வரைக்கும் ஒரு கிளாஸ் பதினாலு டாலர்தான். அந்த விலை மேலயே புதுசா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க.

சிங்கப்பூர்ல ஃபேரர் பார்க் ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற சின்னக் கடை அது. உள்ளூர்லயே காய்ச்சுற கிராஃப்ட் பியர் பத்துப் பன்னிரண்டு வகை கிடைக்கும். பாலிடெக்னிக்ல ஒண்ணாப் படிச்ச நாங்க நாலு பேரும் ஆறு வருஷமா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கேதான் கூடுவோம். நான் மாசிலாமணி. அப்புறம் கதிரேசன், உமாமகேஸ்வரி, இருதயராஜ்.

"மத்த நாள்ல நான் இங்க வர்றதையே நிறுத்திட்டேன் லா. வீட்டுல சூப்பர்மார்க்கெட் கேன்தான்," என்றாள் உமா.

"நான் மாசம் ஒரு தடவை உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி மலேசியாவுல ஜோகூர் போய், மலிவு விலையில ஆசை தீரக் குடிச்சிட்டு வந்துடறேன்," என்றான் கதிரேசன். "ஆனா வெள்ளிக்கிழமையை மட்டும், எவன் எவ்வளவு ஏத்தினாலும் விடமாட்டேன்!"

"விடவே கூடாது! அவங்களா நாமளான்னு பார்த்துடுவோம்!" நானும் மேசையைத் தட்டினேன்.

தட்டினேனே தவிர, மனசுக்குள்ள கணக்குதான் ஓடுச்சு. எங்க கூட்டத்துல ஒரு பழக்கம் உண்டு. வாரம் ஒருத்தர் நாலு பேருக்கும் சேர்த்து வாங்கணும். ரவுண்டு. போன வாரம் உமா வாங்கினா. இந்த வாரம் என் முறை. அடுத்த வாரம் இருதயராஜ்.

எனக்கு வேலை போய் மூணு வாரம் ஆச்சு. ஏர்கான் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற கம்பெனி, ஆளைக் குறைச்சுட்டாங்க. என் மனைவி பஞ்சவர்ணத்துக்கு மட்டும்தான் தெரியும்.

"தலைவலின்னு சொல்லிட்டு இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருங்களேன்," என்று காலையிலேயே கெஞ்சினாள்.

"நான் என்ன திருடிட்டா வந்தேன், ஒளிஞ்சுக்கறதுக்கு?" என்று அவள் மேல எரிஞ்சு விழுந்துட்டுக் கிளம்பியிருந்தேன்.

இப்போ நாலு கிளாஸ், வரியெல்லாம் சேர்த்து எண்பத்தாறு வெள்ளி வரும். எங்க வீட்டு ஒரு வார மார்க்கெட் செலவு. போனாப் போகுது, மானம் போகக் கூடாது. கார்டைக் கையில எடுத்துக்கிட்டு எழுந்தேன்.

அதுக்குள்ள இருதயராஜ் கவுண்டருக்குப் போயிட்டுத் திரும்பி வந்தான். கையில அரை கிளாஸ். அவனுக்கு மட்டும்.

"இனிமே ரவுண்டு கிடையாது," என்றான். "அவங்கவங்க காசுல அவங்கவங்க குடிங்க."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சொல்றது யாரு? சொந்தமா ஏர்கான் கம்பெனி நடத்துறவன். நாலு லாரி ஓடுது. குடியிருக்கிறது நீச்சல் குளம் வெச்ச காண்டோ அபார்ட்மெண்ட்.

உமாவுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. "அடுத்த வாரம் உன் முறைன்னதும் சட்டம் மாறிடுச்சா? போன வாரம் என் காசுல முழு கிளாஸ் குடிச்சே! அதுவும் இருக்கிறதுலயே விலை ஜாஸ்தியானதா பார்த்து!"

"குடிச்சேன். நல்லா இருந்துச்சு."

"டேய், இன்னைக்கு என் முறைடா. நான் வாங்குறேன்," என்றேன் வீறாப்பா.

"நீ இன்னைக்கு வாங்கினா அடுத்த வாரம் நான் வாங்கணும். அந்த வேலையே வேணாம். உக்காருடா!"

உட்கார்ந்தேன். அப்பாடா! எண்பத்தாறு வெள்ளி தப்பிச்சது. ஆனா அந்த நிம்மதி மூஞ்சியில தெரிஞ்சுடுமோன்னு பயம். அதனால மத்த ரெண்டு பேரையும் விட நான்தான் அதிகமாக் கத்தினேன்.

"நாலு லாரி வெச்சிருக்கான், நாலு கிளாஸ் வாங்க வக்கில்ல! எச்சக்கையால காக்கா ஓட்டாதவன்!"

அதோட விட்டேனா? போனை எடுத்து எங்க வாட்ஸ்அப் குரூப் பேரையே 'அரை கிளாஸ் இருதயராஜ்'னு மாத்தினேன். கதிரேசன் விழுந்து விழுந்து சிரிச்சான். உமா சிரிக்கக்கூட இல்ல. அவன் பக்கமே திரும்பாம உட்கார்ந்திருந்தாள்.

இருதயராஜ் அசையவே இல்ல. "ஆமா, கஞ்சன்தான். இப்போ என்ன? வேணும்னா சிராங்கூன் ரோடு முழுக்க போஸ்டர் அடிச்சு ஒட்டுங்க. ரவுண்டு கிடையாதுன்னா கிடையாது."

அப்புறம் அவங்கவங்க எழுந்து போய் வாங்கிக்கிட்டாங்க. நானும் ஒரு அரை கிளாஸ் வாங்கினேன். "இவன் மூஞ்சியைப் பார்த்தா முழுசு இறங்காது" என்று அதுக்கும் அவன் தலையையே உருட்டினேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். உமாவும் கதிரேசனும் பஸ்ஸுக்குப் போனாங்க. குடிச்ச அன்னைக்கு இருதயராஜ் காரை எடுக்க மாட்டான். ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

அப்பவாவது நான் சும்மா வந்திருக்கலாம். இந்த வாய் இருக்கே!

"ஏன்டா, எண்பத்தாறு வெள்ளிக்குப் பயந்து ஆறு வருஷப் பழக்கத்தையே உடைச்சுட்டியே, உனக்கு வெக்கமா இல்ல?"

அவன் நின்னான். முன்னாடியும் பின்னாடியும் பார்த்தான். பக்கத்துல யாரும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"செவ்வாய்க்கிழமை ஒரு கம்ப்ரஸர் விலை கேக்க உன் ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணினேன் மாசி. எடுத்த பொண்ணு, மாசிலாமணி இப்போ இங்க வேலை செய்யலைன்னு சொல்லுச்சு."