பெயர் தராத இடத்தில்

பலரும் புரோகிராம் எழுதும் ஒரு கணினி மொழியோடு சேர்ந்தே வரும் நிரல் நூலகத்தில் ஒரு பகுதி செண்பகா எழுதியது. புரோகிராமில் உருவாகும் எதற்காவது யாரும் பெயர் தராவிட்டால் அதுவே ‘தணிகை’ என்று வைத்துக்கொள்ளும். அது அவள் கணவன் பெயர்; கட்டிக்கொண்ட புதிதில் வந்த கிறுக்கு. தணிகை இன்னொருத்தியோடு போனதும், அந்தப் பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

“மாத்தினா அதை நம்பி ஓடுற புரோகிராம் எல்லாம் படுத்துடும், மேடம். பழசுல கை வைக்கக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானே?” என்றான், இப்போது அதைப் பராமரிக்கும் குமரவேள்.

விவாகரத்து மனுவோடு குடும்ப நீதிமன்றத்தில் காத்திருந்தாள். டோக்கன் கொடுத்தவர் அவள் பெயரைப் பதிய மறந்திருந்தார். சுவர்த்திரையில் அவளுடைய எண் வந்தது, பக்கத்திலேயே ‘தணிகை’.

“தணிகை யாருங்க? கூப்பிடுறது காதுல விழலையா?” என்று கத்தினார் டவாலி.

“நான்தான்,” என்று எழுந்தாள் செண்பகா.