தலையில் காக்காக்கூடு

முதன்முதலில் பறந்தவர் அவர்தான் என்று பாதி நாடு கொண்டாடியது. அன்று அந்த இயந்திரம் தரையை விட்டு எழும்பவே இல்லை, எல்லாம் புளுகு என்று மீதி நாடு கழுவி ஊற்றியது. விமானியோ முப்பது வருடமாகச் சிரித்தே மழுப்பி வந்தார்.

கடைசியில் விமானச் சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பதக்கம் பையில இருக்கு சார். பறந்தீங்களா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

விமானி வாயைத் திறந்தார். மனைவி டீயோடு வந்து நின்றாள்.

"பறக்கல சார். தரையிலதான் ஓடுச்சு," என்றார் விமானி.

தலைவருக்கு முகம் தொங்கிப்போனது. பையோடு எழுந்தார்.

"உட்காருங்க," என்றாள் மனைவி. "பறந்தாரு. அன்னைக்கு இவர் தலைமுடியில காக்காக்கூட்டுச் சுள்ளி. நான்தான் ஒண்ணொண்ணா எடுத்தேன். தரையில ஓடினா தலையில காக்காக்கூடு எப்படிங்க வரும்?"

"அப்புறம் ஏன் சார் மறைச்சீங்க?"

"தரையை விட்டு ஒரு அடி எழும்ப மாட்டேன்னு கல்யாணத்தன்னைக்கு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவராச்சே," என்றாள் அவள். "பறந்தது அதுக்கு அடுத்த வாரம்."

தலைவர் பதக்கத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி எழுந்தார். விமானி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு டீ குடிங்க சார். ராத்திரி சாப்பாடும் இங்கேயே ஆகட்டுமே."